லண்டன்ல வீட்டை இடிச்சுக் கட்டப் போறீங்களா? மேஸ்திரிக்கு முன்னாடி பேப்பரைப் பாருங்க!

லண்டனில் நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் ஈஸ்ட் ஹாமும் ஹாரோவும் முக்கியமானவை. ஈஸ்ட் ஹாம் பக்கம் போனால் நூறு ஆண்டுகளைத் தாண்டிய வரிசை வீடுகள்; ஹாரோ பக்கம் போனால் 1930-களில் கட்டிய இரட்டை வீடுகள். சின்ன சமையலறை, மாடியில் இரண்டரை படுக்கையறை, ஒரே ஒரு குளியலறை. ஊரிலிருந்து அப்பா, அம்மா ஆறு மாதம் வந்து தங்கினால் வீடு பத்தாது. பெரிய வீடு வாங்கக் கையில் பணம் இல்லை. அதனால், "பின்னாடி கொஞ்சம் இழுத்துக் கட்டிடலாம், மேல பரணை ரூம் ஆக்கிடலாம்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் ஒருநாள் வந்துவிடும்.

நம்ம ஊரில் தெரிந்த மேஸ்திரியைக் கூப்பிட்டு, நல்ல நாள் பார்த்து வேலையை ஆரம்பித்துவிடுவோம். இங்கிலாந்தில் அப்படி ஆரம்பித்தால் சிக்கல் வீட்டை விற்கும்போதுதான் தெரியவரும். வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கிற சான்றிதழ் ஒன்று இல்லையென்றாலும் விலை குறையும்; சில நேரம் பேரமே முறிந்துபோகும். எதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? பணத்தை எப்படிக் கொடுக்க வேண்டும்? பார்ப்போம். (இங்கே சொல்வது இங்கிலாந்து விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு.)

எல்லாத்துக்கும் பிளானிங் பர்மிஷன் வேணுமா?

வேண்டாம். சில அளவுக்குள் கட்டினால் கவுன்சிலிடம் திட்ட அனுமதி கேட்காமலே கட்டலாம். 'பெர்மிட்டட் டெவலப்மென்ட்' என்று இதற்குப் பெயர். வரிசை வீடு, இரட்டை வீடு என்றால் பின்பக்கம் 3 மீட்டர் வரை ஒரு மாடி எக்ஸ்டென்ஷன். தனி வீடு என்றால் 4 மீட்டர் வரை. 'பிரையர் அப்ரூவல்' வாங்கினால் இது முறையே 6 மீட்டர், 8 மீட்டர் ஆகும். அதற்குக் கவுன்சில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கருத்துக் கேட்கும். பரணை அறையாக்கும்போது வரிசை வீட்டுக்கு 40 கன மீட்டர், மற்ற வீடுகளுக்கு 50 கன மீட்டர் வரை கூரையைப் பெரிதாக்கலாம். உயரம், எல்லைக்கு எவ்வளவு அருகில் என்பதற்கும் தனி விதிகள் உண்டு.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த 3 மீட்டரை வீட்டின் 'ஒரிஜினல்' பின்சுவரிலிருந்து அளக்க வேண்டும். ஒரிஜினல் என்றால் முதலில் கட்டியபடி. பழைய வீடாக இருந்தால் 1948 ஜூலை 1 அன்று இருந்தபடி. முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே 2 மீட்டர் இழுத்துக் கட்டியிருந்தால், அதுவும் உங்கள் கணக்கில்தான் வரும்.

அடுக்குமாடி ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதிகளில் கட்டுப்பாடு அதிகம். ஃபிளாட் லீஸ்ஹோல்டு என்றால் நிலத்தின் உரிமையாளரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

அனுமதி தேவையில்லை என்றாலும், கவுன்சிலிடம் 'லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட்' வாங்கி வைப்பது நல்லது. நீங்கள் கட்டுவது சட்டப்படி சரி என்பதற்கு அதுதான் சாட்சி. "நாலு வருஷம் ஓட்டிட்டா கவுன்சில் ஒண்ணும் செய்யாது" என்று சிலர் சொல்வார்கள். அது பழைய கதை. 2024 ஏப்ரல் 25-லிருந்து அந்தக் காலக்கெடு 10 ஆண்டு ஆகிவிட்டது.

பிளானிங் வேற, பில்டிங் ரெகுலேஷன்ஸ் வேற

நிறைய பேர் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். கட்டடம் வெளியிலிருந்து எப்படித் தெரியும், அக்கம்பக்கத்தை எப்படிப் பாதிக்கும் என்பதைப் பார்ப்பது பிளானிங். கட்டடம் உறுதியாக நிற்குமா, தீப்பிடித்தால் தப்பிக்க முடியுமா, குளிர் தாங்குமா என்பதைப் பார்ப்பது பில்டிங் ரெகுலேஷன்ஸ். முதலாவது தேவைப்படாத வேலைக்கும் இரண்டாவது தேவைப்படலாம்.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அது மேல்மாடியின் பாரத்தைத் தாங்கும் சுவரா என்று முதலில் பார்க்க வேண்டும். தாங்கும் சுவர் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கணக்குப் போட்டுக் கொடுத்த இரும்பு பீம் வைக்க வேண்டும். பில்டிங் கண்ட்ரோல் அதிகாரி அதை வந்து பார்க்கும்வரை மூடக் கூடாது. அஸ்திவாரம், சாக்கடைக் குழாய், சுவருக்குள் வைக்கும் இன்சுலேஷன் எல்லாமே அப்படித்தான். கடைசியில் கிடைக்கும் 'கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்'தான் முக்கியமான காகிதம்.

கேஸ் வேலையை 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர் மட்டுமே செய்யலாம், மீறினால் குற்றம். புதிய மின் சர்க்யூட் இழுத்தால் அதற்கும் சான்றிதழ் வேண்டும்.

நம்ம சமையலுக்கு ஒரு குறிப்பு: தாளிப்பு வாசனை, எண்ணெய்ப் புகை வெளியே போக வேண்டுமென்றால் காற்றை வடிகட்டி வீட்டுக்குள்ளேயே விடும் ஹூடு போதாது. குழாய் வைத்து வெளியே தள்ளும் ஹூடு வேண்டும். சுவர் பூசிய பிறகு இதை யோசித்தால் திரும்ப உடைக்க வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் எதுக்கு?

இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தொட்டாலோ, பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அவர்களின் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினாலோ, 1996-ஆம் ஆண்டின் 'பார்ட்டி வால்' சட்டப்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பொதுச்சுவர் வேலைக்கு 2 மாதம் முன்பு, தோண்டும் வேலைக்கு 1 மாதம் முன்பு. 14 நாளில் அவர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு சர்வேயர் வந்து தீர்வு எழுதுவார். அந்தச் செலவு பெரும்பாலும் கட்டுபவர் தலையில்தான் விழும். அதனால் நோட்டீஸை நீட்டுவதற்கு முன்னால் ஒருநாள் நேரில் போய் வரைபடத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். பாதிச் செலவு அதிலேயே மிச்சமாகும்.

பின்பக்கத் தோட்டத்துக்கு அடியில் பொதுச் சாக்கடை ஓடினால், அதன் மேலோ 3 மீட்டருக்குள்ளோ கட்டக் குடிநீர், கழிவுநீர் நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும்.

பில்டரிடம் பணத்தை எப்படிக் கொடுப்பது?

பணம் தொலைவது பெரும்பாலும் இங்கேதான். "அண்ணே, கேஷா குடுத்தா வாட் இல்லாம முடிச்சுத் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால், ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, நாளைக்குச் சுவர் வெடித்தால் கேட்கவும் ஆள் இல்லை என்று அர்த்தம்.

* குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். 'எஸ்டிமேட்' என்றால் தோராயம். 'கொட்டேஷன்' என்றால் ஒத்துக்கொண்ட விலை. கொட்டேஷன்தான் வேண்டும்.

* சொன்ன விலையில் வாட் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். வழக்கமாக 20 சதவீதம். 2 ஆண்டோ அதற்கு மேலோ யாரும் குடியிருக்காத வீடு என்றால் பல வேலைகளுக்கு 5 சதவீதம்தான்.

* நிறுவனம் எப்போது தொடங்கியது, கணக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்கிறதா என்பதை 'கம்பெனீஸ் ஹவுஸ்' இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அவர் ஏற்கெனவே கட்டிய வீட்டை நேரில் போய்ப் பாருங்கள்.

* எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். வீட்டு உரிமையாளர்களுக்கென்றே ஜே.சி.டி. மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது.

* மொத்தமாக முன்பணம் கொடுக்காதீர்கள். அஸ்திவாரம், கூரை, பூச்சு என்று கட்டம் முடிய முடியக் கொடுங்கள். குறை எல்லாம் சரிசெய்யும்வரை 5 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொள்ள முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

* கிச்சன், ஜன்னல் போன்றவற்றைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, கடை மூடிவிட்டாலும் கார்டு நிறுவனத்திடம் இழப்பைக் கேட்கலாம். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் தரும் உரிமை இது.

* பழைய வீட்டைத் திறந்தால் உளுத்த மரமும் ஈரமும் வெளிப்படும். பட்ஜெட்டில் 10 முதல் 15 சதவீதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இடிக்கும் முன்...

பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுத் தடைக்கு வந்தது 1999-இல்தான். அதற்கு முன் கட்டிய வீட்டின் கராஜ் கூரை, சொரசொரப்பான சீலிங் பூச்சு, பழைய தரை ஓடு போன்றவற்றில் அது இருக்கலாம். சோதிக்காமல் சுரண்டினாலோ உடைத்தாலோ அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் தகவல் சொல்லுங்கள். சொல்லாமல் சுவரை இடித்து விபத்து நடந்தால் காப்பீடு கைவிரிக்கலாம். பில்டரின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டு நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் திட்ட அனுமதி அல்லது லாஃபுல் சர்டிஃபிகேட், கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட், பார்ட்டி வால் கடிதம், கேஸ், மின்சாரம், ஜன்னல் சான்றிதழ்கள், இன்ஜினீயர் கணக்கு, ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் கைக்கு வராமல் பில்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.