வாதக் கட்டுரையில் இணைப்பிடைச் சொற்கள்

இடைநிலைப் பள்ளியின் முதல் மூன்று படிவ மாணவர் எழுதும் வாதக் கட்டுரைகளைத் திருத்தும் தமிழாசிரியர் ஒன்றை நன்கறிவர். பத்திதோறும் ‘மேலும்’ வரும். இறுதியில் ‘ஆகவே’ தவறாது வரும். இவ்விரண்டுக்கும் இடையே வரவேண்டிய காரணமே வாராது.

‘பிள்ளைகள் குறைந்த தோட்டப் பள்ளியை நகர்ப்புறத்துக்கு மாற்றவேண்டும்’ என்னும் தலைப்பை எடுத்துக்கொள்வோம். பேராக் மாநிலத்தார்க்கு இது வெறும் பயிற்சித் தலைப்பன்று. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே பள்ளி வைத்தல் வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பல பின்னாளில் பிள்ளைகளின்றி மெலிந்தன.

மாணவன் எழுதுகிறான்: ‘ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆகவே பள்ளியை மாற்றவேண்டும்.’ படிப்பவர்க்கு இது விளங்குமா? செம்பனைக்கு ரப்பரைப்போல் அத்துணை ஆள் வேண்டியதில்லை. அதனால் குடும்பங்கள் ஈப்போ முதலிய பட்டணங்களை நாடின. அதனால் தோட்டத்து வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்தனர். இப்படிகள் அனைத்தையும் ஒற்றை ‘ஆகவே’ தாவிவிட்டது. பாட்டன் பாட்டி வாயிலாக இக்கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் அதை வாதமாக அடுக்கத் தெரியவில்லை என்பதே வருத்தம்.

‘ஆயினும்’ இன்னும் அரிது. தோட்டத்தில் எஞ்சியுள்ள சிறுவர் தொலைவு செல்ல நேரும் என்று எதிர்ப்பக்கத்தார் கூறுவர். அதனை ஒப்புக்கொண்டு, ‘ஆயினும் பேருந்து வசதி செய்தால் அக்குறை நீங்கும்’ என எழுதும் மாணவனே வாதிடுகிறான், மற்றவர் முழங்குகின்றனர். நம் பழைய உரையாசிரியர்கள் ‘அற்றேல்’, ‘என்னையெனின்’ எனத் தாமே தடை எழுப்பித் தாமே விடை கூறிய முறையும் இதுவன்றோ!

மற்றொன்று. வாக்கியத்தின் தொடக்கத்தில்தான் இணைப்புச் சொல் நிற்கவேண்டும் என்பது ஆங்கிலத்தைப் பார்த்துப் பழகிய பழக்கம். தமிழில் வினையின் ஈறே அப்பணியைச் செய்யும். ‘மழை பெய்ததால் பால்வெட்டு நின்றது’ என்றால் காரணம். ‘மழை பெய்தும் பால்வெட்டு நிற்கவில்லை’ என்றால் முரண். இடைச்சொல் தனித்து நடவாது, பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடக்கும் என்று தொல்காப்பியர் இடையியலில் கூறியது இங்கு நினைக்கத்தக்கது.

வகுப்பில் செய்து பார்க்கத்தக்க பயிற்சி எளிது. ஒரு மாணவன் கட்டுரையிலுள்ள இணைப்புச் சொற்களை எல்லாம் அடித்துவிட்டு அடுத்தவனிடம் கொடுக்க. அவன் இட்ட சொல்லும் எழுதியவன் சொல்லும் வேறுபடும் இடங்களில் இருவரையும் காரணம் கூறச் செய்க. ‘மேலும்’ இருந்த இடங்களைப் பெரும்பாலும் வெற்றிடமாகவே விட்டாலும் பொருள் கெடாமையை அவர்களே காண்பர்.