இயற்கைப் பேரிடர்களில் தப்பிய நாணயங்கள்: செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரை

ஆழிப்பேரலை, புயல், வெள்ளம், எரிமலை வெடிப்பு போன்ற பேரிடர்களில் புதையுண்டு அல்லது கடலில் மூழ்கிப் பின்னர் மீண்ட நாணயங்களைச் சேகரிப்பது நாணயவியலின் ஒரு தனிப் பிரிவாக வளர்ந்துள்ளது. இத்தகைய நாணயம் இரண்டு செய்திகளைத் தாங்கி நிற்கிறது. முதலாவது, அதை வெளியிட்ட அரசைப் பற்றியது. இது காசின் முகப்பிலும் பின்புறத்திலும் உள்ள எழுத்திலும் உருவத்திலும் இருக்கிறது. இரண்டாவது, அது புதைந்த நிகழ்வைப் பற்றியது. இது காசைச் சுற்றியிருந்த மண்ணிலும், அதன்மேல் படிந்த களிம்பிலும், உடன் கிடைத்த பொருள்களிலும் இருக்கிறது. காசை எடுத்தவர் கிடைத்த இடத்தைக் குறித்து வைக்காவிட்டால் இரண்டாவது செய்தி அன்றே அழிந்துவிடும். செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கடற்கரையும் அதன் காசுகளும்

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. வடக்கே கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், பாலாற்றுக் கழிமுகம், ஆலம்பரை வரை நீளும் இதன் கரையில் பல காலத்துத் துறைமுகங்கள் அடுத்தடுத்து இருந்தன. பாலாற்றுக் கழிமுகத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் நடந்த அகழாய்வில் ரோம நாட்டு மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. மாமல்லபுரம் பகுதியில் 4ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசன் தியோடோசியசின் நாணயமும், சீன நாணயங்களும், பல்லவர் காசுகளும் கிடைத்துள்ளன. பல்லவர் காசுகளில் அவர்களது சின்னமான காளையை அடிக்கடி காணலாம்.

சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி வணிகம் செய்தனர். கடப்பாக்கம் அருகிலுள்ள ஆலம்பரைக் கோட்டையில் ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் ஒரு நாணயச்சாலை இயங்கியது. 1750இல் இக்கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் இதைப் பிடித்து இடித்தனர். எஞ்சி நின்ற செங்கல் சுவர்கள் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் மேலும் சேதமடைந்தன. நாணயம் அடித்த இடமே பேரிடருக்கு உள்ளானதை இங்கே பார்க்கிறோம்.

2004 ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 அன்று சுமத்திரா அருகே கடலடியில் ஏற்பட்ட 9.1 அளவு நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். அலை வருவதற்கு முன் மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது, வழக்கமாக நீருக்குள் இருக்கும் பாறைகளைக் கரையிலிருந்தோர் கண்டனர். அலை ஓய்ந்த பிறகு, கடற்கரைக் கோயிலை அடுத்த மணல் அரிக்கப்பட்டு, விலங்கு உருவங்கள் செதுக்கிய பாறைகள் வெளிப்பட்டன.

அதற்கு முன்பே, 2002 ஏப்ரலில், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தைச் சேர்ந்த அறிவியல் ஆய்வுப் பயணச் சங்கமும் சேர்ந்து இக்கரைக்கு அப்பால் மூழ்கி ஆய்வு நடத்தியிருந்தன. நீருக்கடியில் கட்டுமான எச்சங்கள் இருப்பதை அந்த ஆய்வு காட்டியது.

சாளுவன்குப்பம் சொல்லும் பாடம்

மாமல்லபுரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், புலிக்குகைக்கு அருகே உள்ளது சாளுவன்குப்பம். ஆழிப்பேரலை இங்கிருந்த மணலை அகற்றியதால் ஒரு பாறையில் கல்வெட்டு தெரிந்தது. அதில் திருவிழிச்சில் என்ற ஊரின் முருகன் கோயில் குறிக்கப்பட்டிருந்தது. அப்பகுதியில் அப்படியொரு கோயில் எதுவும் கண்ணுக்குத் தெரியாததால், இந்தியத் தொல்லியல் துறை 2005இல் அருகிலிருந்த மணல்மேட்டைத் தோண்டியது. மேலே பல்லவர் காலக் கற்கோயிலின் எச்சமும், அதற்குக் கீழே அதனினும் பழைய செங்கல் கோயிலும் வெளிப்பட்டன. செங்கல் கோயில் சங்க காலத்தது என்று அகழாய்வு செய்தோர் கருதினர்.

மண்ணடுக்குகளில் கிடைத்த கடற்சிப்பிப் படிவுகளைக் கொண்டு, இக்கோயில் ஒருமுறை மட்டுமன்றி இருமுறை கடலின் சீற்றத்துக்கு உள்ளாகியிருக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. தூண்களில் உள்ள 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் கோயிலுக்குப் பொன் கொடையளித்ததைக் கழஞ்சுக் கணக்கில் கூறுகின்றன. ஒன்று கார்த்திகை விழாவுக்குப் பத்துக் கழஞ்சு. மற்றொன்று விளக்கெரிக்கப் பதினாறு கழஞ்சு. அகழாய்வில் சுடுமண் பொருள்களுடன் சோழர் காலச் செப்புக்காசும் கிடைத்தது.

சோழர் செப்புக்காசு அரிய பொருள் அன்று. முதலாம் இராசராசன் காலச் செப்புக்காசுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. சந்தையில் அவற்றின் விலையும் குறைவு. ஆனால் ஒரு கோயிலின் இடிபாட்டில், இன்ன அடுக்கில், இன்ன ஆழத்தில் கிடைத்தது என்று பதிவான காசு, அக்கோயில் எக்காலம் வரை புழக்கத்தில் இருந்தது என்று கணிக்கச் சான்றாகிறது. அதே காசை ஒருவர் மணலில் பொறுக்கிச் சுற்றுலாப் பயணிக்கு விற்றுவிட்டால் அது வெறும் செம்புத் துண்டாகிவிடும்.

புயலுக்குப் பின் காசு வெளிப்படுவது ஏன்?

புயல் காலங்களில் அலை கரையை அரிக்கிறது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததைப் போன்ற நிகழ்வுகளில் ஒரே இரவில் கரையின் அமைப்பே மாறிவிடும். அலை பின்வாங்கும்போது எடை குறைந்த மணலை இழுத்துச் சென்று, எடை கூடிய பொருள்களை விட்டுச் செல்கிறது. இதை அடர்த்தி எண்கள் விளக்கும். சாதாரண மணலான படிகக்கல்லின் அடர்த்தி ஏறத்தாழ 2.65, கருமணலிலுள்ள இல்மனைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 4.7, செம்பு 8.9, வெள்ளி 10.5, ஈயம் 11.3, பொன் 19.3. ஆகவே, புயலுக்குப் பின் கருமணல் திரண்டிருக்கும் இடங்களிலேயே காசுகளும் தங்க வாய்ப்பு அதிகம்.

ஆற்று வெள்ளமும் இதே வேலையைச் செய்கிறது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகை மணலைச் சலித்தபோது ரோமக் காசுகளும், மாக்கோதை, கொல்லிப்புறை என்ற பெயர்கள் பொறித்த சேரர் காசுகளும் கிடைத்தன. சங்க கால நாணயங்களை ஆராய்ந்த இரா. கிருஷ்ணமூர்த்தி பயன்படுத்திய காசுகளில் பல இத்தகைய ஆற்றுப்படுகைகளிலிருந்து வந்தவை. எனினும் ஆறு உருட்டி வந்த காசு முதலில் எங்கே புதைந்திருந்தது என்பதை அறிய வழியில்லை. எழுத்து பேசுகிறது, இடம் பேசுவதில்லை.

உலோகத்தில் பதியும் தழும்பு

உப்புநீரில் கிடந்த காசு அதன் உலோகத்துக்கு ஏற்ப மாறுகிறது. பொன் ஏறக்குறைய மாறுவதில்லை. வெள்ளியின்மேல் வெள்ளிக் குளோரைடும், சேற்றில் புதைந்திருந்தால் கருநிற வெள்ளிச் சல்பைடும் படிகின்றன. ஈயக் காசில் வெண்மையான படலம் உண்டாகிறது. மிகுந்த இடர் செம்புக்கும் வெண்கலத்துக்கும்தான். உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் உயிர்வளியோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் மேலும் செம்பை அரித்து மீண்டும் குளோரைடைத் தருகிறது. இந்தச் சுழற்சிக்கு வெண்கல நோய் என்று பெயர். வெளிர்பச்சைத் தூள் உதிர்வது இதன் அறிகுறி. பல நூற்றாண்டுகள் மண்ணில் தாங்கிய காசு, வெளியே எடுத்த சில மாதங்களில் பொடிந்துபோவதற்கு இதுவே காரணம்.

வீட்டுப் பாத்திரங்களைப் போல் காசையும் புளி போட்டுத் தேய்ப்பது, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பது, செங்கல் தூளால் துலக்குவது ஆகியவை பரவலாக நடக்கும் தவறுகள். பழைய காசில் எழுத்தும் உருவமும் பெரும்பாலும் களிம்புப் படலத்திலேயே தங்கியிருக்கும். படலம் போனால் எழுத்தும் போய்விடும். கடலிலிருந்து கிடைத்த காசை உடனே உலரவிடாமல் நன்னீரில் வைப்பதும், பின்னர் காய்ச்சி வடித்த நீரை அடிக்கடி மாற்றி உப்பை வெளியேற்றுவதும் முதல் படிகள். அதற்குமேல் செய்ய வேண்டிய வேதிப் பாதுகாப்பை அருங்காட்சியக வல்லுநர்களிடம் விடுவது நல்லது. உலர்ந்த காசை ஈரம் குறைந்த இடத்தில், அமிலமற்ற காகித உறையில் வைக்க வேண்டும். பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் உலோகத்தைக் கெடுக்கும்.

உலகின் பிற எடுத்துக்காட்டுகள்

கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை வெடித்தபோது பொம்பெயி அருகிலுள்ள பொஸ்கொரியாலே மாளிகை ஒன்று புதைந்தது. 1895இல் அங்கே வெள்ளிப் பாத்திரங்களுடன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொற்காசுகள் கிடைத்தன. எரிமலைப் படிவில் இருந்ததால் அவற்றில் பல தனித்த செந்நிறச் சாயலைப் பெற்றன. சேகரிப்பாளர்கள் அச்சாயலை வைத்தே அக்காசுகளை அடையாளம் காண்கின்றனர்.

1715இல் ஸ்பெயினின் செல்வக் கப்பல்கள் புளோரிடா கரையில் சூறாவளியில் மூழ்கின. 1950களில் கிப் வாக்னர் என்பவர் புயலுக்குப் பின் கரையொதுங்கிய வெள்ளிக் காசுகளைத் தேடியபோது, அவற்றுள் ஒன்றும் 1715க்குப் பிந்தையதாக இல்லாததைக் கவனித்தார். அக்குறிப்பே மூழ்கிய கப்பல்களுக்கு வழிகாட்டியது.

இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் கிரேட் பாசஸ் பாறைத்திட்டில் 1961இல் மூழ்கிய கப்பல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்த வெள்ளி ரூபாய்கள் ஔரங்கசீப் காலத்தில் சூரத்து நாணயச்சாலையில் ஹிஜ்ரி 1113இல், அதாவது 1702 அளவில், அடிக்கப்பட்டவை. பை மக்கிப்போன பிறகும் காசுகள் பையின் வடிவிலேயே ஒட்டிக் கட்டிகளாக இருந்தன. அக்கட்டிகளை முழுதும் உடைத்துத் தனிக்காசுகளாக்கியிருந்தால், ரூபாய்கள் மூட்டை மூட்டையாக ஏற்றப்பட்டன என்ற செய்தி மறைந்திருக்கும்.

சட்டமும் உரிமையும்

இந்தியாவில் இரண்டு சட்டங்களை அறிந்திருப்பது அவசியம். 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் அதன் தன்மை, அளவு, இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தமக்குரிய பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் ஆளாகலாம். முறையாகத் தெரிவித்தவருக்குப் பங்கு பெறவும், அரசு அப்பொருளை எடுத்துக்கொண்டால் இழப்பீடு பெறவும் சட்டம் வழி செய்கிறது. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள நாணயம் தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும். மாமல்லபுரத்தின் நினைவுச்சின்னங்கள் 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தோண்டுவது குற்றம்.

சட்டத்துக்கு அப்பால் ஓர் அறமும் உண்டு. அண்மைக் காலப் பேரிடருக்குப் பின் மணலில் கிடக்கும் காசும் நகையும் பெரும்பாலும் யாரோ ஒரு குடும்பத்தின் சேமிப்பு. அவை உரியவருக்குச் சேர வேண்டிய உடைமை. சேகரிப்புப் பொருளாகக் கருதத் தக்கவை அல்ல.

சேகரிப்பாளர் செய்ய வேண்டியது

பேரிடரில் தப்பியது என்ற கதை காசின் விலையை உயர்த்துவதால், போலிகளும் சந்தைக்கு வருகின்றன. புதிதாக வார்த்த காசை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைத்துப் பழமை ஏற்றுவது எளிது. வார்ப்புக் காசின் விளிம்பில் தெரியும் இணைப்புக் கோடு, மேற்பரப்பின் சிறு குமிழிக் குழிகள், மாறுபட்ட எடை ஆகியவை ஐயத்துக்கு இடமளிக்கும் அறிகுறிகள். எந்தக் கடலில், எந்த ஆண்டில், எவ்வாறு மீட்கப்பட்டது என்ற ஆவணம் இல்லாத காசைப் பேரிடர் நாணயம் என்று ஏற்பதற்கு இல்லை.

கரையில் காசைக் காணும் மாணவரோ மீனவரோ செய்யக்கூடிய பயனுள்ள செயல் எளியது. இருந்த இடத்திலேயே அளவுகோலுடன் ஒளிப்படம் எடுப்பது, நாள், இடம், ஆழம், சுற்றியிருந்த மணலின் நிறம், உடன் கிடந்த ஓடு, சிப்பி ஆகியவற்றைக் குறிப்பது, துலக்காமல் வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பது ஆகிய மூன்றும் போதும். 1851இல் தொடங்கப்பட்ட, சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்தின் நாணயச் சேகரிப்பில் பெரும்பகுதி இவ்வாறு தெரிவிக்கப்பட்ட புதையல்களால் வளர்ந்தது. சாளுவன்குப்பத்தில் கோயில் கிடைத்ததும் ஒரு கல்வெட்டைப் பெயர்க்காமல், இருந்த இடத்திலேயே படித்ததால்தான்.