மேடை ரத்தம்: அடுப்படியிலேயே தயாரிக்கலாம்!

பொங்கல் விழா, சங்க ஆண்டு விழா என்றால் வெளிமாநிலத் தமிழர்கள் நாடகம் போடுவது நெடுநாள் வழக்கம். பகலில் வேலை, இரவில் ஒத்திகை. கடைசிக் காட்சியில் வில்லன் கத்தியை ஓங்குவான். கதாநாயகனின் சட்டை சிவக்க வேண்டும். அவசரத்துக்குக் கையில் கிடைப்பது சிவப்பு மை, துணிச் சாயம், ஹோலிப் பொடி. இவை மூன்றுமே ஆகாது. மேடையில் சாகிறவர் காலையில் வேலைக்குப் போக வேண்டாமா?

மஞ்சளும் சுண்ணாம்பும்

நம் வீட்டு ஆரத்தித் தண்ணீரே ஒரு போலி ரத்தம்தான். மஞ்சளில் உள்ள குர்குமின், சுண்ணாம்பின் காரம் பட்டதும் சிவக்கிறது. கேரளத்தில் சோற்றானிக்கரை பகவதி கோவிலில் நடக்கும் குருதி பூஜைக்கும் இந்தக் கலவையே பயன்படுகிறது.

துணியில் தெளிக்க இது போதும். ஆனால் காய்ந்தால் நிறம் மங்கும். முகத்தில் மட்டும் கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

வெளிநாட்டில்

பாரிஸ் நகரில் 1897 முதல் 1962 வரை நடந்த கிராண்ட் கிக்னோல் நாடக அரங்கு, ரத்தக் காட்சிகளுக்கென்றே பெயர் பெற்றது. ஹிட்ச்காக் 1960-ல் எடுத்த ‘சைக்கோ’ கறுப்பு வெள்ளைப் படம். அதில் குளியலறையில் ஓடியது சாக்லேட் பாகு!

‘காட்பாதர்’ (1972) படத்தின் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித், சோளப்பாகில் சாயம் சேர்த்து ரத்தம் செய்தார். துணியில் நன்றாகப் பரவுவதற்காக, போட்டோ கழுவும் மருந்து ஒன்றையும் அதில் கலந்தார். அது நச்சு. எனவே அந்தக் கலவையை வாயில் வைக்க முடியாது.

செய்முறை

இரண்டு டம்ளர் சர்க்கரையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சவும். விரலில் பிசுபிசுத்தால் போதும். கம்பிப் பதம் வேண்டாம். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பாகு பூத்துப் போகாது.

ஒரு ஸ்பூன் கார்ன் பிளவரைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் பாகில் ஊற்றிக் கிளறவும். கண்ணாடி போல் தெரியாமல் கெட்டியாக நிற்க இது உதவும். இறக்கியபின் சிவப்பு உணவு நிறத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். நிறம் பளீரென்று ஷர்பத் போல் இருந்தால், ஒரு ஸ்பூன் கோக்கோ பொடியை வெந்நீரில் குழைத்துக் கலக்கவும். புதுக் காயத்துக்குக் கோக்கோ குறைவாகவும், பழைய காயத்துக்குக் கூடுதலாகவும் போதும்.

சிறு பாலிதீன் பையில் ஊற்றிக் கட்டி, சட்டைக்குள் ஒட்டிவிட்டால், கையால் அமுக்கியதும் வழியும். உள்ளங்கையில் நனைத்த பஞ்சு வைத்துக்கொள்வதும் உண்டு. வாயோரம் வழிய வேண்டுமானால், சபைக்கு முதுகு காட்டி ஒரு வாய் எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை வியாதி உள்ளவர் விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

நிறத்தில் கவனம்

அனுமதிக்கப்பட்ட சிவப்பு உணவு நிறங்கள் கார்மோய்சின், எரித்ரோசின், பான்சியூ 4ஆர் ஆகியவை. பெயரும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் அச்சிட்ட டப்பாவையே வாங்க வேண்டும். காகிதத்தில் மடித்துத் தரும் பொடி வேண்டாம். துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. அதே சாயத்தை நடிகரின் உதட்டில் தடவுவது நியாயமா?

ஒத்திகையில் பாருங்கள்

மேடை விளக்கு ஏமாற்றும். சிவப்பு விளக்கில் ரத்தம் வெளுத்துவிடும். நீல விளக்கில் கறுப்பாகத் தெரியும். ஆகவே அந்தக் காட்சியின் விளக்கிலேயே ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. வாடகை உடுப்பு என்றால், கறை போகிறதா என்று மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவும். முந்தின நாளே செய்தால் மூடி வைக்கவும். இல்லையேல் எறும்பு முதலில் ரசிக்கும். காட்சி முடிந்ததும் ஈரத்துணியால் மேடையைத் துடைக்க ஒருவரை நியமித்துவிடுங்கள். அடுத்து வருவது சிறுமிகளின் கோலாட்டம் என்றால், பாகில் வழுக்கி விழுந்து நிஜ ரத்தம் வரக் கூடாது.