நின்று யோசியுங்கள், குனிந்து அடியுங்கள்

டீ வரட்டும், அதற்குள் உங்கள் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பூல் பார்லரில் தனியாக ஆடும்போது பந்து பந்தாகப் பாக்கெட்டில் விழுகிறது. நண்பர்கள் சுற்றி நின்று, எட்டாம் நம்பர் கறுப்பு மட்டும்தான் பாக்கி என்று ஆனதும் கை விறைத்துக்கொள்கிறது. பாக்கெட் வாயிலேயே நிற்கும் பந்துகூடத் தப்பிவிடுகிறது. க்யூ கோல் அதேதான், மேசை அதேதான், கையும் உங்கள் கைதான். பிறகு எது மாறியது?

முதலில் இந்த ஆட்டத்தின் சுபாவத்தைப் பார்ப்போம். கிரிக்கெட்டில் வேகப்பந்து உங்களை நோக்கி வருகிறது. அரை விநாடியில் முடிவெடுத்தாக வேண்டும், பயப்படக்கூட நேரமில்லை. பூலின் வகைகளான எயிட்-பாலிலும் நைன்-பாலிலும் அப்படியில்லை. ஒன்பதடி நீளம், நாலரை அடி அகலமுள்ள மேசையில், சுமார் 57 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து அசையாமல் கிடக்கிறது. யாரும் உங்களை இடிக்கப்போவதில்லை. தப்பினால் காற்றையோ பிட்சையோ குறை சொல்லவும் வழியில்லை. அடிப்பதற்கு முன்னால் நேரம் ஏராளமாக இருக்கிறது. அந்த நேரத்துக்குள்தான் தொல்லை புகுந்துகொள்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் விளையாட்டுக் கூடத்தில் ஜேம்ஸ் மைக்கேல்ஸ் என்பவரும் சகாக்களும் செய்த ஆய்வு ஒன்று 1982இல் வெளியானது. ஆடிக்கொண்டிருந்தவர்களை அவர்களுக்குத் தெரியாமல் தூரத்தில் இருந்து கவனித்து, நன்றாக ஆடுபவர், சுமாராக ஆடுபவர் என்று இரண்டு வகையாகப் பிரித்தார்கள். பிறகு நாலு பேர் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நன்றாக ஆடுபவர்கள் 100 அடியில் 71ஐப் போட்டுக்கொண்டிருந்தார்கள்; இப்போது 80க்கு உயர்ந்தார்கள். சுமாரானவர்கள் 36இலிருந்து 25க்கு இறங்கினார்கள். சின்ன ஆய்வுதான், இந்த எண்களைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். ஆனால் பார்லருக்குப் போகிறவர்களுக்கு இந்தப் போக்கு பழகியதாகவே இருக்கும். ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1965லேயே இதற்கு ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். ஆள் பக்கத்தில் இருந்தால் உடம்பு முறுக்கேறும். முறுக்கேறிய உடம்பு, எது ஊறிப்போயிருக்கிறதோ அதையே செய்யும். ஊறியது சரியான அடி என்றால் ஆட்டம் சிறக்கும், கோணல் அடி என்றால் கோணல்தான் வெளியே வரும்.

அப்படியானால் கை தேர்ந்தவர்களுக்குக் கவலையே இல்லையா? இருக்கிறது. பூலின் உறவான, நம் ஊட்டி கிளப்பில் விதிகள் உருப்பெற்ற ஸ்நூக்கரில், 1985 உலகப் பட்டத்தின் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். அப்போது உலகின் முதல் நிலை வீரர் ஸ்டீவ் டேவிஸ். டெனிஸ் டெய்லரை எதிர்த்து, ஃபிரேம் எனப்படும் சுற்றுகளில் 8-0 என்று ஆரம்பித்தார். டெய்லர் விடாமல் துரத்தி 17-17 ஆக்கினார். கடைசி ஃபிரேம் மட்டும் 68 நிமிடம் நீண்டது. நள்ளிரவு தாண்டி, பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் தொலைக்காட்சி முன்னால் விழித்திருக்க, மேசையில் கறுப்புப் பந்து ஒன்றே ஒன்று. அது எளிதில் விழவில்லை. கடைசியாக டேவிஸுக்குக் கிடைத்த மெல்லிய கட் அடியில் பந்து பாக்கெட்டில் விழாமல் போனது. டெய்லர் அடுத்து அதைப் போட்டார். முழு ஆட்டத்திலும் அவர் முன்னிலை பெற்றது அந்த ஒரு அடியில்தான்.

அன்று டேவிஸின் மனதில் என்ன ஓடியது என்று நாம் தீர்ப்பு சொல்ல வேண்டாம். பொதுவாக நடப்பது இதுதான். ஆயிரக்கணக்கான முறை அடித்துப் பழகிய அடியைக் கை தானாகவே செய்யும். அதற்கு உங்கள் மேற்பார்வை தேவையில்லை. நெருக்கடி வந்ததும் நாம் மேற்பார்வைக்கு இறங்குகிறோம். முழங்கை நேராக இருக்கிறதா, பிடி இறுக்கமா, க்யூ வளைகிறதா என்று பார்க்கிறோம். மாடிப்படி இறங்கும்போது எந்தக் கால் அடுத்தது என்று யோசித்தால் தடுக்கி விழுவோமே, அதே கதைதான். தெரியாதவர் தெரியாததால் தவறுகிறார். தெரிந்தவர், தெரிந்ததை இடையில் புகுந்து கெடுத்துக்கொள்கிறார்.

அதனால் 'யோசிக்காமல் ஆடு' என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். யோசனை வேண்டும், ஆனால் அதற்கென்று ஒரு இடமும் வேண்டும். நிற்கும்போது யோசிக்க வேண்டும். குனிந்த பிறகு யோசிக்கக் கூடாது. மன ஆட்டம் என்று எவ்வளவோ பேசுகிறார்கள், சாரம் இவ்வளவுதான்.

இதைச் செய்வது எப்படி என்று பொறுமையாகப் பார்ப்போம். வெள்ளைப் பந்துக்குப் பின்னால், நிமிர்ந்து நில்லுங்கள். எந்தப் பந்து, எந்தப் பாக்கெட், அடித்த பிறகு வெள்ளை எங்கே போய் நிற்க வேண்டும், அதற்கு என்ன வேகம் என்று நான்கையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். க்யூ நுனியில் சாக் தடவும் நேரம்தான் இந்த முடிவுகளுக்கான நேரம். பந்து போகும் பாதையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். பிறகு அந்தக் கோட்டின் மேலேயே காலை வைத்துக் குனியுங்கள். இரண்டு மூன்று முறை க்யூவை ஆட்டிப் பார்த்து, ஒரு கணம் நிறுத்தி, அடியுங்கள். குனிந்திருக்கும்போது 'வேறு பந்தை எடுத்திருக்கலாமோ' என்று ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தால் அடிக்காதீர்கள். எழுந்து நின்று முதலிலிருந்து தொடங்குங்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெரிய வீரர்கள் கேமரா முன்னாலேயே எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கடைசிக் கணத்தில் கண் எங்கே இருக்க வேண்டும்? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் என்பவர், குறி பார்க்கும் விளையாட்டுகளில் தேர்ந்தவர்களின் பார்வை செயலுக்குச் சற்று முன்னால் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதைக் கண்டார். 2002இல் வெளியான பில்லியர்ட்ஸ் ஆய்வு ஒன்றும் அதையே காட்டியது. தேர்ந்தவர்களின் பார்வை கூடுதல் நேரம் நிலைத்தது. அடி கடினமாக ஆக அந்த நேரமும் நீண்டது. அவசரப்படுத்தி அதைக் குறைத்தபோது ஆட்டமும் குறைந்தது. பதற்றத்தில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். கண் பந்துக்கும் பாக்கெட்டுக்கும் எதிராளி முகத்துக்குமாக ஓடுகிறது. கடைசி வீச்சில் அடிபடப்போகும் பந்தின் மேல் பார்வையை நிறுத்துங்கள் என்று பெரும்பாலான பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான்.

இனி, உங்கள் முறை வரும்வரை காத்திருக்கும் நாற்காலி. எதிராளி ஆடும்போது உங்களால் ஆகக்கூடியது எதுவுமில்லை. அவர் தவற வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தால், உங்கள் முறை வரும்போது மனம் களைத்திருக்கும். ஸ்நூக்கர் வீரர் ரானி ஓ'சலிவன் 2011இல் ஸ்டீவ் பீட்டர்ஸ் என்ற மனநல மருத்துவரோடு சேர்ந்து உழைக்க ஆரம்பித்தார். 2012, 2013 என்று அடுத்தடுத்து உலகப் பட்டம் வென்றார். உணர்ச்சி நமக்குள் இருக்கும் ஒரு குரங்கு, அதோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது, பழக்கித்தான் வைத்திருக்க வேண்டும் என்பது பீட்டர்ஸின் பாடம். மனதைக் குரங்கு என்று சொல்லியே வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. நாற்காலியில் இருக்கும்போது மூச்சை நிதானமாக விடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மேசையில் பந்துகள் எப்படிக் கிடக்கின்றன என்று மட்டும் பாருங்கள். தவறவிட்ட பந்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி போதும்: முடிவு தவறா, கோடு தவறா, வேகம் தவறா? பதில் கிடைத்ததும் அதை விட்டுவிடுங்கள்.

பயிற்சியிலும் கொஞ்சம் நெருக்கடியைக் கலந்துகொள்ள வேண்டும். நைன்-பால் ஆடுகிறவர்கள் பேயோடு ஆடுவது என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தனியாகப் பிரேக் செய்து, அதாவது குவித்த பந்துகளை முதல் அடியில் சிதறடித்து, வெள்ளையை விரும்பிய இடத்தில் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாகப் போட வேண்டும். எல்லாவற்றையும் போட்டால் அந்த ரேக், அதாவது அந்தச் சுற்று, உங்களுக்கு. ஒன்றைத் தவறவிட்டாலும் பேய்க்கு. ஏழு ரேக் முதலில் யாருக்கு என்று எண்ணிக்கொண்டே ஆடிப் பாருங்கள். ஆளே இல்லாத அறையிலும் கை நடுங்கும். புதியவர்கள் மூன்று பந்தில் ஆரம்பித்தால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மனம் எவ்வளவு தெளிந்தாலும் கோணலான வீச்சு நேராகாது. 36இலிருந்து 25க்கு இறங்கியவர்களுக்கு முதல் மருந்து தியானம் அல்ல. நேராக அடிக்கப் பழகுவதுதான். வீச்சு ஓரளவு ஊறியவர்களுக்கு மட்டுமே மேலே சொன்னதெல்லாம் முழுதாகப் பலன் தரும். அடுத்த முறை பார்லருக்குப் போகும்போது வேறு எதையும் மாற்ற வேண்டாம். குனிந்த பிறகு சந்தேகம் வந்தால் எழுந்துவிடுவது என்ற ஒரே விதியை ஒரு மணி நேரம் மட்டும் கடைப்பிடித்துப் பாருங்கள். எத்தனை அடிகளை முடிவு செய்யாமலே அடித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.