எல்லைக் கதியாலும் மனந்திரும்புதலும்

இடம்பெயர்ந்து திரும்புகிற விவசாயி தன் காணியில் முதலில் தேடுவது கிணற்றை. அடுத்தது எல்லைக் கதியாலை. வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுவந்த தோட்டங்கள் போருக்குப் பின் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோது, பற்றைக்குள் பூவரசும் கிளுவையும் எங்கே நின்றன என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. இன்னும் விடுபடாத காணிகளும் உண்டு. இந்த நிலையில் ஒரு முழம் எல்லையை அரக்கிப் போட்டாலும் கேட்க ஆளில்லை. பக்கத்துக் காணிக்காரர் கனடாவில் இருப்பார். அல்லது உயிரோடு இல்லை.

மனந்திரும்புதல் என்றதும் நமக்குக் கண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. நற்செய்திக் கூட்டங்களில் நாம் அழாதவர்களல்ல. அழுகையை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து, அரக்கிய கதியாலை அப்படியே விட்டால் அந்த அழுகைக்கு என்ன பொருள்?

லூக்கா 19 ஆம் அதிகாரத்தில் வரும் சகேயுவைப் பாருங்கள். அவன் ஒரு காசும் திருப்பிக் கொடுக்கும் முன்பே இயேசு அவன் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அது கிருபை. அதன் பின்பே அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை என்கிறான். அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென்று ஆண்டவர் அறிவித்தது அதைக் கேட்ட பின்னரே. சகேயு இரட்சிப்பை விலைக்கு வாங்கவில்லை. வந்திருந்த விருந்தாளிக்கு முன்னால் பிறர் பொருளை வைத்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். கீழ்ப்படிதல் கிருபைக்குக் கொடுக்கும் கூலியல்ல. கிருபை உள்ளே வந்துவிட்டதற்கு அடையாளம்.

லேவியராகமம் 6 ஆம் அதிகாரத்தின் கணக்கு இன்னும் நேரானது. எடுத்த பொருளை முழுமையாகவும், அதன்மேல் ஐந்திலொரு பங்கு கூட்டியும் உரியவனிடம் கொடுக்கவேண்டும். பலி அதற்குப் பிறகே சொல்லப்படுகிறது.

இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை, இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சோனகத்தெரு வெறுமையாயிற்று. அவர்களில் மிகப் பலர் புத்தளத்தில் அகதிகளாயினர். விட்டுச்சென்ற பொருட்கள் பின்னர் விலைப்பட்டன. எங்கள் வீட்டில் ஒரு தையல் மெசின் மலிவாக வந்து சேர்ந்தது. யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை; தெரியாமலல்ல.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 அன்று, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தோம். மெசினை விட்டுவிட்டுத்தான் நடந்தோம். கடவுள் பழிவாங்கினார் என்று நான் சொல்லமாட்டேன். குண்டுக்குப் பயந்து நடந்த பிள்ளைகள் எந்த மெசினையும் வாங்கியவர்களல்ல. ஆனால் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகியபோதுதான் சோனகத்தெரு எனக்கு விளங்கியது.

பொருள் இப்போது என்னிடம் இல்லை. உரியவரும் யாரென்று தெரியாது. எண்ணாகமம் 5 இதற்கும் இடம் வைத்திருக்கிறது: வாங்கிக்கொள்ள உறவினன் இல்லையென்றால் அது கர்த்தருக்குச் செல்லவேண்டும். ஆனால் தேடிப் பார்க்காமல் அந்த வசனத்துக்குள் ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. இன்றைய விலையோடு ஐந்திலொன்று கூட்டி எடுத்து வைத்திருக்கிறேன். சோனகத்தெருவுக்குத் திரும்பி வந்திருக்கும் குடும்பங்களிடம் விசாரித்து வருகிறேன்.