உங்களுக்குத் தெரியுமா? ஜோலார்பேட்டையிலிருந்து இரண்டு பக்கமும் வழி உண்டு

ஜோலார்பேட்டை ஜங்ஷனில் விடியற்காலை ரயிலுக்கு நிற்கும் கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நாலைந்து வயதாகியும் நடக்காத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, துணிப்பையில் ஸ்கேன் கவரும் மருந்துச் சீட்டுமாக ஒரு அம்மாவாவது இருப்பார். ஒரு பக்கம் போனால் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி. மறுபக்கம் போனால் பெங்களூரு நிம்ஹான்ஸ். மூளை, நரம்பு நோய்களுக்குப் பேர்பெற்ற இரண்டு மருத்துவமனைகளுக்கு நடுவில் இருக்கிறது நம் ஊர்.

இந்தியாவில் மூளை, நரம்பு அறுவை சிகிச்சைக்கு முதன்முதலில் தனித்துறை தொடங்கியது டெல்லியிலோ மும்பையிலோ அல்ல, வேலூரில். ஆண்டு 1949. தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையை 1952-லேயே வேலூரில் செய்துகாட்டினார்.

தூங்கி எழுந்த கைக்குழந்தை திடுக்கென்று தலையைக் குனிந்து, கைகளை விரித்து மடங்குகிறது. சில நொடி கழித்து மறுபடியும். இப்படி வரிசையாகப் பத்து, இருபது தடவை. "வயித்து வலி, ஓமத் தண்ணி குடு" என்பார்கள் வீட்டில். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம்; பெரும்பாலும் ஒரு வயதுக்குள் வருவது. 1841-ல் இதை முதலில் விவரித்து எழுதியவர் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர் எழுதியது தன் சொந்த மகனைப் பார்த்து! அன்று அவர் கையில் மருந்து இல்லை. இன்று இருக்கிறது. ஆனால் நாள் கடத்தினால் மூளை வளர்ச்சி பாதிக்கும். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள். டாக்டருக்கு அந்த வீடியோ பெரிய உதவி.

வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். மணி பாருங்கள்: 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி, 108.

ஐந்து மாதமாகியும் குழந்தைக்குத் தலை நிற்கவில்லையா? "எங்க வம்சத்துல எல்லாம் லேட்டாதான்" என்று காத்திருக்க வேண்டாம்.

சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்தை 1966-ல் உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். பிசியோதெரபிக்கு அலைந்து சலித்துப்போன பெற்றோருக்கு அவர் கதையைச் சொல்லுங்கள்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை துணையின்றிப் பயணிக்க முடியாது என்ற மருத்துவச் சான்று இருந்தால், ரயிலில் சாதாரண இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை. கூடப் போகும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. மாதாமாதம் போய்வரும் குடும்பத்துக்கு இது சின்னக் காசு அல்ல.

பிறந்தது முதல் 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வரும். மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் கட்டணம் இல்லை. அடுத்த முறை எப்போது வருகிறார்கள் என்று அங்கன்வாடி டீச்சரிடம் நாளைக்கே கேளுங்கள்.