பம்புசெட்டில் ஓடும் படகு

ஆயில் எஞ்சினைக் கிளப்பி, வாய்க்காலிலிருந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைப்பதை நம் தஞ்சை வட்டாரத்தில் நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பீய்ச்சத் தொடங்கும் கணத்தில் ரப்பர் குழாயின் நுனி வெடுக்கென்று பின்னுக்கு உதறும். அதை வரப்போடு அழுத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த உதறலைக் கொண்டே ஒரு படகை ஓட்டினால் என்ன?

ஓட்டியிருக்கிறார்கள். 1977-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலாரியின் குழு, மூன்று படகுகளில் வங்கக் கடலிலிருந்து புறப்பட்டுக் கங்கையை எதிர்த்து மேலேறியது. காசியைக் கடந்து, இமயமலைப் பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் அலகநந்தாவிலும் ஏறியது. ஏறக்குறைய 1500 மைல் பயணம். அந்தப் படகுகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுழல்விசிறி கிடையாது. எஞ்சினும் பம்பும்தான். இன்று கடற்கரைகளில் ஒருவர் இருவர் ஏறி விரையும் ஜெட் ஸ்கீயும் இதே இனத்தைச் சேர்ந்ததே.

படகின் அடிப்பாகத்தில் ஒரு வாய். அதன் வழியே ஆற்று நீர் உள்ளே வருகிறது. பம்பு அதனை வேகப்படுத்திப் பின்புறக் குழாய்வழியே தாரையாகப் பீய்ச்சுகிறது. படகு முன்னே செல்கிறது. ஏன் செல்கிறது? வகுப்பில் கேட்டால் "பின்னால் உள்ள தண்ணீரைத் தாரை தள்ளுகிறது சார்" என்ற விடைதான் முதலில் வரும். அது தவறு. பம்பு தண்ணீரைப் பின்னே தள்ளுகிறது. அந்தத் தண்ணீரே பம்பை முன்னே தள்ளிவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி அங்கேயே முடிந்துவிடுகிறது. தாரை பிறகு எங்கே போய் விழுந்தால் நமக்கென்ன?

இதற்கு நல்ல சான்று உண்டு. நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளில் செல்வதற்காக 1950-களில் பில் ஹாமில்டன் இவ்வகைப் படகை உருவாக்கினார். முதலில் தாரையைப் படகின் அடியில், தண்ணீருக்குள்ளேயே வெளியேற்றினார். பின்னர் நீர்மட்டத்துக்கு மேலே, காற்றில் பாயும்படி மாற்றினார். வேகம் கூடியது! தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு படகை இழுத்துப் பிடித்த பாகம் நீங்கிவிட்டதல்லவா? ஹிலாரியின் பயணத்தில் படகோட்டியவர்களில் ஒருவர் இவருடைய மகன் ஜான் ஹாமில்டன்.

சிறு கணக்கு ஒன்று போடுவோம். ஆற்று நீரைப் பொறுத்துப் படகின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் என்க. பம்பு விநாடிக்கு 100 லிட்டர், அதாவது 100 கிலோ நீரை, படகைப் பொறுத்து 25 மீட்டர் வேகத்தில் வெளியேற்றுகிறது. தண்ணீர் உள்ளே வரும்போதே 10 மீட்டர் வேகம் இருந்தது. பம்பு கூட்டியது 15 மீட்டர் மட்டுமே. எனவே உந்துவிசை 100 × 15 = 1500 நியூட்டன். சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். ஆறு எதிரே 4 மீட்டர் வேகத்தில் வந்தால், கரையில் நிற்கும் உங்கள் கண்ணுக்குப் படகு 6 மீட்டர் வேகத்தில் ஏறும்.

வேகமெடுத்த படகு நீர்ப்பரப்பின்மேல் எழும்பிச் சறுக்குகிறது. அப்போது சில அங்குல நீரே அதற்குப் போதும். பாறையில் மோதி உடைய விசிறியும் வெளியே இல்லை. அப்படியானால் நம் வெண்ணாற்றுக்கும் வெட்டாற்றுக்கும் இது ஏற்றதுதானே என்று கேட்பீர்கள். ஒரு தொல்லை இருக்கிறது. மணலும் ஆகாயத்தாமரையும் பம்பின் வாய்க்குள் போய்விடும். அடியில் கம்பி வலை இருந்தாலும், ஆகாயத்தாமரையின் வேர்க்கற்றை அந்த வலையையே அடைத்துக்கொள்ளும். பம்புசெட்டின் புட்வால்வில் பாசி அடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஜெட் ஸ்கீயில் ஏறுபவர் அறிந்திருக்க வேண்டிய ஆபத்து வேறொன்று. இதற்குச் சுக்கான் இல்லை. தாரையின் திசையைத் திருப்பித்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். எதிரே எதையாவது கண்டு பயந்து விசையை விட்டுவிட்டால் தாரை நின்றுபோகும். கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி போன வழியிலேயே போய் மோதும். பழக்கமில்லாதவர்கள் இப்படி விபத்துக்குள்ளாவதுண்டு.

ஹிலாரியின் படகுகளை நந்தப்பிரயாகையில் ஓர் அருவி நிறுத்திவிட்டது. பாயும் நீரை எதிர்க்கலாம். செங்குத்தாக விழும் நீரில் ஏற முடியுமா? குழுவினர் அதன்பின் நடந்தே சென்றார்கள். ஸ்காட்லாந்தில் ஏரிகளைக் கோத்துச் செல்லும் கலிடோனியன் கால்வாய் 1822-இல் திறக்கப்பட்டது. அங்கே மட்டம் மாறும் இடங்களில் 29 'லாக்'குகள் இருக்கின்றன. இரு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தித் தண்ணீரை நிரப்பினால், படகு தானே மேல் மட்டத்துக்கு உயரும். கல்லணையும் நம் ஆறுகளின் ரெகுலேட்டர்களும் பாசன நீரைப் பங்கிடக் கட்டப்பட்டவை, படகை ஏற்றிவிட அல்ல. ஷட்டர் இறங்கியிருந்தால் ஜெட் ஸ்கீயைக் கரையேற்றி, மறுபுறம் தூக்கிச் சென்று இறக்க வேண்டியதுதான். பெரிய வண்டியானால் எடை முந்நூறு கிலோவுக்கும் மேல்; எட்டுப் பேராவது கைகொடுக்க வேண்டும்.